என் மனைக்குக் குடிவந்த கன்னிமார்

வேலம்பாளையம் தாண்டி எனக்கு ஒரு வீட்டுமனை இருக்கிறது. அல்லது, இருந்தது. எந்தக் காலத்தில் எழுதுவது என்பதுதான் இந்த வாரப் பிரச்சினை.

பனியன் கம்பெனிச் சுவரை ஒட்டிய வாடகை வீடு எங்களுடையது. ஒருநாளாவது மெஷின் சத்தம் கேட்காத சொந்த வீட்டில் தூங்க வேண்டும் என்று மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்து வாங்கிய மனை அது. என் பங்களிப்பு? கையெழுத்து.

தை மாதம் பார்க்கப் போனோம். வேப்பமரத்தடியில் ஒரு கல். பூசியிருந்த மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை. மனைவி கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். கவனிப்பாரில்லாத சாமியாயிற்றே என்று கற்பூரம் வாங்கி வந்து ஏற்றியதும் நான்தான்.

அடுத்த முறை மூன்று கற்கள். அதற்கடுத்து ஏழு... கன்னிமார்! தகரக் கூரை, உண்டியல், கம்பி வேலி. யார் வைத்தது? எதிர் வீட்டில் கேட்டால், அவங்களாத்தான் வந்தாங்க என்கிறார்கள். மட்ட மத்தியானத்தில் விளக்கு எரிகிறது. எண்ணெய் ஊற்றிய கையைத்தான் காணோம்.

அப்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். விழாக் கமிட்டியாம்.

"வாங்க சாமி. மொதல் கற்பூரம் ஏத்துனது நீங்கதானுங்களே? சாமிக்குன்னு மனசார உட்டுட்டீங்கன்னு ஊரே பேசுதுங்க."

போனில் ஒரு போட்டோ காட்டினார். கண்ணை மூடி, கை கூப்பியபடி நாங்கள் இருவரும்.

அன்று அங்கே ஆளே இல்லை என்று சொன்னேன் அல்லவா? படம், கல் இருந்த பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது.

மனை என்னுடையது என்றேன்.

"ஆமாங்க, யாரு இல்லீன்னா? சாமிகிட்டக் கேட்டுட்டு எடுத்துக்குங்க."

இவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் எதையும் பிடுங்கியதில்லை.

நில அபகரிப்புக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம், மிரட்டி எழுதி வாங்குவது — எல்லாவற்றுக்கும் பிரிவு உண்டு. என் புகாரைப் படித்த போலீஸ் அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"கமிட்டிக்காரரு கல்லு தன்னுது இல்லீன்னுட்டாருங்க. அப்புறம் எதிரின்னு யாரு பேரை எழுதறதுங்க?"

முதலில் அளந்து எல்லையைக் காட்டச் சொன்னார்.

போன வாரம் சர்வேயரோடு போனேன். அன்று கரண்ட் கட். தூரத்துக் கம்பெனிகளில்கூடச் சத்தம் இல்லை. இந்த அமைதிக்குத்தானே இத்தனை வருடம் ஏங்கினோம்? அது வந்தபோது, ஒரு மெஷினாவது ஓடாதா என்று காது தேடியது. சர்வேயர் பிடித்த டேப், கற்கள் வரை போய் நின்றுவிட்டது.

"ரெண்டு கல்லை மட்டும் தள்ளி வச்சுட்டீங்கன்னா அளந்துரலாமுங்க."

அவரையே தள்ளி வைக்கச் சொன்னேன்.

"மனை உங்களுதுங்களே," என்றார்.

ஓர் அடி எடுத்து வைத்தேன். மண் சுட்டது. குனிந்து பார்த்தால்... காலில் செருப்பு இல்லை. வேலிக்கு வெளியே, சர்வேயரின் செருப்புக்குப் பக்கத்தில், ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. கழற்றியது நான்தான் போலிருக்கிறது. எப்போது?

சொந்த மனைக்குள் வெறுங்காலோடு நுழைகிறவனுக்கு, எந்தச் சட்டம் வந்து என்ன செய்யும்?