சுளைக்குள் ஒரு நூல்

போன வாரம் என் மகன் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக ஒரு குட்டி மைக்ரோஸ்கோப்புடன் வந்தான். ஆரஞ்சுச் சுளையை அதில் வைத்து, "பாரும்மா" என்றான். ஒரு செகண்ட் பார்த்துவிட்டு, "சூப்பர்டா" என்று எழுந்தேன்.

"நீ எதையுமே ஒழுங்கா பாக்க மாட்டியாம்மா?"

இதே கேள்வியை ஜெபராணியும் கேட்டிருக்கிறாள்... ஒரகடத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலத்தில்.

நாங்கள் வேலை பார்த்தது காருக்கு ஒயர் தயாரிக்கும் கம்பெனியில். நான் குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகிறவள். அவள் சாத்தான்குளம் பக்கத்துப் பெண், ஹாஸ்டல்வாசி. இரண்டு பேரும் இன்ஸ்பெக்‌ஷன் டெஸ்டுக்குப் பெயர் கொடுத்திருந்தோம். ஒயர் முனையை லென்ஸ் ஸ்டாண்டின் கீழ் வைத்து, செம்பு இழை ஒன்றாவது க்ளிப்புக்கு வெளியே நிற்கிறதா என்று சொல்ல வேண்டும்.

ஜெபா ஏற்கெனவே ஒருமுறை ஃபெயில். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் கான்ட்ராக்ட் முடிந்தது. ஊரில் மாப்பிள்ளை ரெடி. அவளுக்கோ வேலை பார்த்துக்கொண்டே கரஸ்ஸில் டிகிரி முடிக்க ஆசை.

லென்ஸில் கண்ணை வைத்தால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் இமை முடிதான்! பழகிப் பார்க்க லைனில் ஓடும் ஒயர் பீஸைத் தொடக் கூடாது. சரி, கேன்டீனில் கொடுத்த கமலா ஆரஞ்சு இருக்கிறதே? டீ பிரேக்கில் ஒரு சுளையின் மேல்தோலை உரித்து லென்ஸின் கீழ் வைத்தேன்.

"இன்னாடி தெரியுது?"

"ஏட்டி... உள்ள குட்டி குட்டிப் பையா நிக்கி. ஒவ்வொண்ணும் ஒரு நூலுல தோலோட ஒட்டிக் கெடக்கு. இங்க பாரு, இது மட்டும் அறுந்துட்டு!"

பார்த்தேன். ஆரஞ்சு தெரிந்தது. "ஆமாண்டி" என்று சொல்லிவிட்டு மிச்சச் சுளைகளை வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஏட்டி, நீ எதையுமே ஒழுங்கா பாக்க மாட்டியா?"

டெஸ்ட் அன்று பத்து பீஸ். ஐந்தே நிமிடத்தில் நான் — "எல்லாம் ஓகே சார்!" அதே பத்தை ஜெபா இருபது நிமிடம் பார்த்தாள். "சார், ஏழாவதுல ஒரு இழை வெளிய நிக்கி."

வேண்டுமென்றே வைத்திருந்த ரிஜெக்ட் அது. அவள் பாஸ். நான் பேக்கிங் செக்‌ஷன்.

பொய் சொல்ல மாட்டேன், வயிறு எரிந்தது. பழக்கிவிட்டது நான், பாஸ் ஆனது அவளா? ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது ஓடி வந்து, பாதி ஆரஞ்சை என் கையில் திணித்தாள். வாங்கிக்கொண்டேன்; முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு அவள் மறைமலை நகரில் வேறு கம்பெனிக்குப் போனாள். நம்பர் மாறியது. தொடர்பு விட்டுப்போனது. அன்றைக்கு அந்த முகத்தையாவது ஒழுங்காகப் பார்த்திருக்கலாம்.

மகனிடமிருந்து மைக்ரோஸ்கோப்பைத் திரும்ப வாங்கினேன். இந்த முறை அவசரப்படவில்லை.

தெரியுதுடி ஜெபா... நூலு கீது!