காட்டேரிக்கு வைத்த பூசை

புதுக்குடியிருப்பு பஸ் நிலையத்தில் கேட்டபோது செய்தி சின்னதாகத்தான் இருந்தது: முல்லைத்தீவுக் கரையில் ஒரு கத்தோலிக்கக் கோவிலில், ஞாயிறு பூசையின்போது, இரத்தக் காட்டேரி ஒன்றின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடினார்களாம். வவுனியாவுக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தக் காட்டேரிக்கு ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார்கள். இன்னும் விட்டால் கலியாணமும் எழுதிவிடுவார்கள் என்று பயந்து, உண்மையைப் பார்த்துவர பஸ் ஏறினேன்.

உண்மைதான்.

கோவில் வாசலில் ஒரு கொப்பி கட்டித் தொங்குகிறது. பக்கத்துக்கு நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் உயிரோடிருப்பவர்களின் பெயர், வலப்பக்கம் இறந்தவர்களின் பெயர். ஞாயிறு காலையில் பாதர் இரண்டையும் வாசித்து மன்றாடுவார். மணியடிக்கும் நிஷாந்தன் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். வலப்பக்கம், ஒரு மரியாளுக்கும் ஒரு சந்தியாப்பிள்ளைக்கும் நடுவில், உருண்டை எழுத்தில்: அட்ரியன்.

"பாதர் புதிசு. ஆர் எவர் எண்டு தெரியாமல் வாசிச்சுப்போட்டார். பொம்பிளையள் பக்கம் ஒரே சிரிப்பு. மத்தியானம் ரெண்டு மணிக்கு ரீவியில போற நாடகத்தில வாற காட்டேரிதான் அட்ரியன்."

"எழுதினது ஆர்?"

"வேற ஆர், சுசிலாக்காதான்."

சுசிலாவுக்கு நாற்பத்தெட்டு வயது. கரைக்கு வரும் வலைகளில் நண்டு கழற்றுவது தொழில். நண்டின் காலும் ஒடியாமல், தன் கையும் கடிபடாமல் கழற்றுவதில் அவரை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை. இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு ரஜிதாவின் ரீவிக்கு முன்னால் இருப்பார். நாடகம் வெளிநாட்டில் எடுத்தது. தமிழில் குரல் கொடுத்திருக்கிறார்கள். நானூறு வருடமாகச் சாகாத அட்ரியன் ஒரு தாதியை விரும்புகிறான். அவளுடைய தமையனைக் கடித்ததும் அவன்தான். அவளை நெருப்புக்குள்ளிருந்து தூக்கி வந்ததும் அவன்தான். அவள் அவனைக் கட்டலாமா, கூடாதா? நாடகம் இதற்கு விளக்கம் தருவதில்லை. சுசிலாவும் ரஜிதாவும் தருகிறார்கள்.

"பிசாசு எண்டால் பிசாசுதான்" என்றார் ரஜிதா.

"பசிக்குத்தானேடி கடிக்கிறான்."

"அப்ப அவளின்ர தமையன்?"

"அது பிழைதான். அதுக்காக நெருப்புக்குள்ளயிருந்து தூக்கினது இல்லையெண்டு போகுமே?"

"கள்ளரெண்டால் உங்களுக்கு ஒரு இரக்கம், அக்கா."

சுசிலா சிரித்தார். கள்ளர் என்றது அட்ரியனை அல்ல.

சுசிலாவின் கணவர் யோசெப், மற்றவர்களின் வலையில் களவாக நண்டெடுத்தவர். ரஜிதாவின் கணவர் நிருஷனின் வலையையும் விட்டுவைத்ததில்லை. அதே நிருஷனின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தபோது, நீந்திப் போய்த் தலைமயிரில் பிடித்து இழுத்து வந்தவரும் அவர்தான். ஏழு வருடத்துக்கு முன் தனியே கடலுக்குப் போனார். ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை, ஒரு பலகைத் துண்டும் வரவில்லை. இந்தியாவில் கண்டதாக ஒருவர் சொன்னார். பர்மாச் சிறையொன்றில் மறியலில் இருக்கிறார் என்றார் இன்னொருவர்.

இந்த வருடம் மரித்தோர் நாளுக்கு அவர் பெயரை வலப்பக்கம் எழுதியே ஆகவேண்டும் என்று யோசெப்பின் தமக்கை சொல்லிவிட்டார். பூசையில்லாமல் தம்பி பாவம் தீராமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிறான் என்பது அவருடைய கவலை. உயிரோடிருக்கிற மனிசனைத் தன் கையால் செத்தவன் என்று எழுதிவிட்டால் என்பது சுசிலாவின் கவலை.

"அதுதான் முதல்ல அவனை எழுதிப் பாத்தனான்" என்றார் சுசிலா. "அவனும் செத்தவனுமில்லை, இருக்கிறவனுமில்லை. வாசிக்கேக்க நெஞ்சு ஒண்டும் செய்யாட்டி இவரையும் எழுதலாம் எண்டு."

"செய்ததோ?"

"ரீவியில வாறவனுக்கே செய்துபோட்டுது."

"திங்கட்கிழமை நாடகத்தில பாத்தால் சவப்பெட்டியைத் திறந்துகொண்டு எழும்பி வாறான்" என்றார் ரஜிதா. "பாதரின்ர மன்றாட்டு ஒரு நாள் தாங்கேல்லை."

இருவரும் சிரித்தார்கள். சுசிலா கொஞ்சம் கூடுதலாகச் சிரித்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கிழமை பாதர் கூப்பிட்டு அனுப்பினார். ஏச்சு விழும் என்று நினைத்துத்தான் போனார் சுசிலா. பாதர் முழுவதையும் கேட்டார். பிறகு கொப்பியை எடுத்து, இடமுமில்லாமல் வலமுமில்லாமல், நடுக்கோட்டின் மேலேயே 'யோசெப்' என்று எழுதினார்.

"எந்தப் பக்கம் எண்டு ஆண்டவருக்குத் தெரியும், அம்மா. நான் பேரை மட்டும் வாசிக்கிறன்."

கார்த்திகை இரண்டாம் திகதி, மரித்தோர் நாளில், அப்படியே வாசித்தார். இருப்பவர்களுக்குப் பிறகு, இறந்தவர்களுக்கு முன்பு, ஒரு மூச்சு நிறுத்தி: யோசெப். தமக்கைக்கு அரைத் திருப்தி. சுசிலா அழவில்லை.

பூசை முடிந்த கையோடு சுசிலா ஒரு வாளியுடன் ரஜிதாவின் குசினி வாசலில் போய் நின்றார். உள்ளே ஏழு நண்டுகள், எல்லாம் பெரிய நண்டுகள். யோசெப் காணாமற்போன கிழமை நிருஷனின் வலையில் களவெடுத்தது ஏழு. வலையில் பிய்ந்த இடங்களை எண்ணி நிருஷன் அப்போதே சொல்லியிருந்தார்.

ரஜிதா வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எடுத்தது நீங்களே?"

"நானில்லை. அவர்."

"அப்ப கொண்டு போங்கோ. எடுத்தவர் வந்து தரட்டும்."

"எடி ரஜிதா..."

"வந்து தரட்டும், அக்கா. நாங்கள் இருக்கிறம்தானே. ரெண்டு மணிக்குச் சுணங்காமல் வாங்கோ."

சுசிலா அந்த நண்டுகளைக் கறியாக்கி, பாதியை ரஜிதா வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். கறியை வாங்கிக்கொண்டார்கள். ருசியென்று நிருஷன் சட்டியையும் வழித்தாராம். அந்த ஏழு நண்டுக் கடன் மட்டும் யோசெப்பின் பெயரில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.