சூரியன் எதிரே நின்ற இருபது நிமிடம்

"ஜயா சேச்சி போயிட்டாங்க சாரே. விடியற்காலம்." சென்ற செவ்வாயன்று தொலைபேசியில் இதைச் சொன்னவர் படகோட்டி சேவியர். மட்டாஞ்சேரியில் எங்கள் நில அளவை அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் ஜயலட்சுமியின் பக்கத்து மேசையில் இருந்தவன் நான். ஆனாலும் எனக்கு முன்பே சேவியருக்குத் தகவல் போனதில் வியப்பில்லை. ஏன் என்று, ஜயாவை அறிந்து இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான்கு வருடம் முன்பு ஒரு மார்கழி மாலை, இடக்கொச்சி அருகே சேவியர் ஓட்டிய பயணிகள் படகு ஒரு சிறு மீன்பிடி வள்ளத்தில் மோதி, மீனவர் ஒருவருக்குக் கை முறிந்தது. சேவியர் போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார் என்று ஒரு பயணி சொல்லிவிட்டார். படகு முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். முன்பு அவருடைய வீட்டுமனையை நாங்கள் அளந்திருந்தோம். அந்தப் பழக்கத்தில் எங்களிடம் வந்தார். "வெயில் கண்ணில அடிச்சு, சேச்சி. ஒண்ணும் கண்டில்ல. ஆரும் நம்பல்ல."

ஜயா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். சூரியன் மறைய இருபது நிமிடம் இருந்த நேரம் அது.

மறுநாள் அதே நேரத்துக்கு அதே படகில் போனோம். படகு கிளம்பும் முன் ஜயா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து கூரை விளிம்பு எவ்வளவு முன்னால், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நாடா பிடித்து அளந்தார். பயணச்சீட்டின் பின்புறம் ஒரு முக்கோணம் போட்டார். "பதினாலு டிகிரிக்கு மேலேதான் கூரை மறைக்கும், ரகு. நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி இறங்கினா, கடைசி ஒரு மணி நேரம் முழுக்க வெயில் முகத்திலேதான்" என்றார் என்னிடம். மோதிய நேரத்தில் சூரியன் ஐந்து டிகிரி உயரத்தில். படகு தென்மேற்கே திரும்பியதும் நீரும் வானமும் சேர்ந்து ஒரே வெள்ளையாகிவிட்டன. எனக்குக் கண்ணில் நீர் வழிந்தது.

சூரியன் மறைந்த பிறகும் அவர் இறங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். இருபது நிமிடம் கழித்தும் தூரத்து வள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன.

ஜயா முதலாளிக்கு எழுதிய அறிக்கையில், போன் சேவியர் கையில் இல்லை என்று சேர்க்கச் சொன்னேன். "அதை நான் பார்க்கலையே. கோணம்தான் பார்த்தேன்" என்றார். அத்தோடு நிற்காமல், கண் கூசியபோது ஓட்டுநர் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். சேவியர் முகம் வாடிப் போனது. "சேச்சியும் அப்படி எழுதினா எப்படி?" ஜயா அவருக்கு ஒரு சாயா வரவழைத்தார். "குறைச்சீங்களா, சேவியர்?" சாயாக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இல்ல" என்றார் அவர்.

சேவியருக்குப் பாதகமானதையும் மறைக்காத அந்த அறிக்கையை முதலாளி நம்பினார். ஒரு மாதம் படகைக் கட்டக் கயிறு பிடிக்கும் வேலை கொடுத்தார்; பிறகு சேவியரிடமே படகைத் தந்தார். அறிக்கையில் ஜயா சொன்னபடி அந்த மாலை நடை சூரியன் மறைந்த பிறகு கிளம்பும்படி மாற்றப்பட்டது. கை முறிந்த மீனவரைப் பார்க்கச் சேவியர் தானாகவே போனார். அன்று முதல் ஜயாவின் வீட்டில் ஒருவர் போலவே ஆகிவிட்டார்.

போன வாரம் ஒரு எல்லைத் தகராறு அறிக்கையில் கையெழுத்திடும் முன், நான் நேரில் காணாத இரண்டு வரிகளை அடித்து நீக்கினேன். ஜயாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தத் தயக்கம்தான்.