தகரக் குளத்துக்குக் கல் பாவிய நாள்

எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டில் நாங்கள் வேலை செய்த காப்பி எஸ்டேட்டின் முதலாளி, பங்களாவுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம் வைத்தார். தோண்டிக் கட்டிய குளம் இல்லை. தகரச் சுவரை வட்டமாக வளைத்து நிறுத்தி, உள்ளே ரப்பர் விரிப்பு போட்டு, பாதியைச் சரிவு மண்ணில் புதைத்தது. இந்தக் குளிரில் எவன் இதில் குளிப்பான் என்று நான் சிரித்தேன். அதைச் சுற்றி நாற்காலி போட்டு உட்காரக் கல்தளம் வேண்டுமென்றார். என் வீட்டுக்காரர் கொத்தனார். என் தம்பி அவரோடு வேலைக்கு வந்தான், நான் மண் சுமந்தேன்.

கல் பாவுவதற்கு முன்னால் முனியப்பனுக்குச் சேவல் அறுப்பது எங்கள் வழக்கம். மண்ணுக்கு ரத்தம் காட்டாவிட்டால் அது ஆளைக் கேட்கும் என்ற பயம். என் வீட்டுக்காரர் குளத்தோரத்திலேயே நின்று அறுத்தார். தலை போன சேவல் அவர் பிடியிலிருந்து துள்ளி, நேராகத் தண்ணீரில் விழுந்தது. இறக்கையை அடித்து அடித்துத் தண்ணீரையே சிவப்பாக்கிவிட்டுத்தான் அடங்கியது.

முதலாளி ஓடி வந்தார். என் வீட்டுக்காரர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

"ஏனுங்க, தெரியாம..." என்று இவர் ஆரம்பித்ததும் இன்னொன்று.

"தண்ணிய பூரா எறைச்சுப்போட்டு உள்ள எறங்கிக் கழுவுங்கடா. இன்னைக்கே கல்லும் போட்டாகணும்."

எனக்கு அந்தக் கையை ஒடித்துப் போட வேண்டும் போலிருந்தது. இவரோ வாளியை எடுத்துத் தண்ணீரை இறைக்கப் போனார்.

தண்ணீர் வடிந்ததும் தம்பி உள்ளே இறங்கிக் கறையைத் தேய்த்தான். வெளியே இவர் மண்ணை இறுக்கத் திமிசுக்கட்டையைத் தூக்கினார். முந்தின நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினார். மண்ணையா குத்தினார்? முதலாளியின் முகத்தைத்தான்.

"மாமா, மெல்லக் குத்துங்க. தகரம் நொம்ப அதிருதுங்க" என்று தம்பி உள்ளிருந்து கத்தினான்.

"நீ உன் வேலையப் பாருடா!"

"போதுமுங்க" என்று நானும் சொன்னேன். என்னையும் முறைத்தார்.

அடுத்த குத்தில் தகரம் உள்பக்கம் மடங்கியது. தாங்கிப் பிடிக்க உள்ளே தண்ணீர் இல்லை. ஈரமண் சரிய, ஓரத்தில் அடுக்கியிருந்த பலகைக்கற்களும் அதோடு போயின. "அக்கா!" என்று தம்பி அலறினான். நகம் பிய்ந்து ரத்தம் வர நான் மண்ணைப் பறித்தேன். இவர் கல்லைப் புரட்டுவதும் தன் தலையில் அடித்துக்கொள்வதுமாக இருந்தார். வெளியே இழுத்தபோது தம்பியின் காலில் எலும்பு தெரிந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. எஸ்டேட்டில் முதலாளியின் ஜீப் ஒன்றுதான் வண்டி. இவர் ஓடிப்போய், விரல் பதிந்திருந்த அந்தக் கன்னம் தரையில் பட, முதலாளியின் காலில் விழுந்தார்.

"ஜீப்பக் குடுங்க சாமி. பையன் செத்துருவானுங்க."

"சாக்கு விரிச்சுப் படுக்க வையி. சீட்டுல ரத்தம் படக்கூடாது" என்று சொல்லிவிட்டு முதலாளி டிரைவரைக் கூப்பிட்டார்.

சாக்கை விரித்தது நான்தான். சாக்கு நனைந்ததும் என் முந்தானையைக் கொடுத்து, குப்பனூர் வழியாகச் சேலம் போய்ச் சேரும்வரை ஒரு சொட்டுக்கூடச் சீட்டில் படாமல் பிடித்துக்கொண்டேன். தம்பி ஒரு காலோடு பிழைத்தான். மாமாவை அவன் ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தச் சீட்டை ஏன் அப்படிக் காப்பாற்றினேன் என்பதில்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.