டிரெஸ்ஸர் குடித்த ஜாதிக்காய்க் கஷாயம்

என் மூத்த மகளுக்கு மூன்று வயதில் விடாத இருமல். மாமியார் ஜாதிக்காயை இழைத்துக் கஷாயம் வைத்தார். நான் காலி பாட்டிலைக் கழுவிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்து ஊற்றிக் கொடுக்கும் டிரெஸ்ஸர், வேளைக்கு ஒரு கோடு போட்ட காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டினார்.

"வீட்டுல ஜாதிக்காய்க் கஷாயமும் குடுக்குறோம் அண்ணே. ரெண்டும் சேந்தா ஒண்ணும் ஆவாதே?"

"கஷாயம்னா வெறும் தண்ணி லா. அண்டாவோட குடு."

கொடுத்தேன். காலையில் படுத்த பிள்ளை சாயங்காலம் வரை எழவில்லை. உள்ளங்காலைக் கிள்ளினேன், முகத்தில் தண்ணீர் அடித்தேன். மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில்தான் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றாள்.

மறுநாள் போய்க் கேட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவர் சொன்னார்:

"கோடு பாத்து ஊத்தத் தெரியாத கழுதைக்கெல்லாம் எதுக்குப் புள்ள?"

எனக்கு அப்போது எழுத்து தெரியாது. கோடு எண்ணத் தெரியும். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன், மழைக்காலம் வரட்டும் என்று.

வந்தது. அவருக்கே இருமல். தன் மருந்தைத் தானே குடித்துக்கொண்டு லொக்கு லொக்கென்று உட்கார்ந்திருந்தார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியில் கஷாயத்தோடு போனேன். மகளுக்கு ஒரு கரண்டி என்றால் அவர் உடம்புக்கு ஆறு கரண்டி. அளவு தப்பில்லை. பழி வாங்கவா போனாய் என்று கேட்பீர்கள். பின்னே?

"அண்ணே, மாமியா மறுபடியும் இதக் குடுக்கச் சொல்லுது. வெறும் தண்ணின்னு நீங்களே குடிச்சுக் காட்டுங்க, எனக்குத் தைரியம் வரும்."

வரிசையில் ஓர் அக்கா, "என்னா அண்ணே, பயமா?" என்றாள்.

குடித்துவிட்டுச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். நான் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் கொட்டாவி வந்தது. பிறகு பாட்டிலுக்குப் பக்கத்தில் மேசைமேல் மருந்தை ஊற்றினார். வரிசை பாதி நகர்வதற்குள் தலை சாய்ந்து குறட்டை கிளம்பியது. துவான் என்று நாங்கள் கூப்பிடும் டாக்டர் உள்ளேயிருந்து வந்து காதருகே கை தட்டினார். அசைவில்லை. நான் எழுந்துபோய் அவர் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு ஒழுங்காக இருந்தது. அந்த மட்டும் எனக்கு இரக்கம் உண்டு.

துவான் தண்ணீர் தெளித்து உலுக்கியதும் ஒரு கண் திறந்தது. குனிந்து கேட்டேன்:

"கோடு பாத்துக் குடிக்கலையா அண்ணே?"

வரிசை முழுக்கச் சிரித்தது. என் மகளும் சிரித்தாள். அவளுக்கு அன்றைக்கு இருமலே கிடையாது.

அதற்கப்புறம் பாட்டிலை நீட்டும் ஒவ்வொருத்தியிடமும், "வீட்டுல என்ன குடுக்குறே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார். என்னிடம் மட்டும் இரண்டு தரம் கேட்பார்.