மூச்சு விடாத கம்ப்யூட்டர்

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு அடுத்த கட்டடம் மாவு மில். பகல் முழுக்க அந்த இரைச்சலில் இருக்கும் எனக்கு, டிவியோடு இணைத்துப் படம் பார்க்க வாங்கும் கம்ப்யூட்டர் மூச்சுகூட விடக்கூடாது என்று ஒரே பிடிவாதம். "மெதுவாச் சுத்துற பெரிய ஃபேன் ஒண்ணாவது போட்டுக்கங்க சார், சத்தம் அம்புட்டா வராது" என்று கடைக்காரர் எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை. ஃபேனே இல்லாத பாகங்களாகத் தேடித் தேடி வாங்கி மாட்டினேன்.

போன மாதம் ஒரு மதியம், எங்கள் கல்யாண வீடியோவை அதில் காப்பி ஆகவிட்டு, டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பாதிச் சாப்பாட்டில் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஹாலுக்கு ஓடினேன். கம்ப்யூட்டரை மூடியிருந்த ரெக்சின் உறை சூட்டில் இளகி அதன் மேலேயே ஒட்டிக்கிடந்தது. பக்கத்திலேயே பாயில் எங்கள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிளக்கைப் பிடுங்கினேன்.

மில் தூசிக்குப் பயந்து மிக்ஸியிலிருந்து டிவி வரை உறை தைத்துப் போடுவது என் மனைவியின் வழக்கம். இதற்கும் போட்டிருக்கிறாள். "ஓடுறது மேலயா போடுவ?" என்று கத்தினேன்.

மகளை அள்ளித் தோளில் போட்டபடி அவள் கேட்டாள்: "ஓடுதுன்னு எனக்கு எப்புடிங்க தெரியும்? சத்தமே வரக் கூடாதுன்னு வாங்குனது நீங்கதான?"

மறுநாளே கடைக்காரர் சொன்ன ஃபேனைப் போட்டேன். இப்போது கம்ப்யூட்டருக்கு உறை கிடையாது. மில் ஓய்ந்த பிறகு அதன் முனகல் லேசாகக் கேட்கும். கேட்காவிட்டால்தான் எனக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கிறேன்.