கரிக்கடியில் இன்னொரு பெயர்

முதியோர் இல்லத்துக்குப் போவதற்கு முன் பக்கத்து வீட்டுக் கிழவர் அந்தப் பாத்திரத்தை எங்களிடம் கொண்டுவந்து தந்தார். அவருடைய தகப்பன் இரண்டாம் உலகப் போரில், ஜப்பானியரோடு நடந்த நியூகினிச் சண்டையிலிருந்து எடுத்து வந்தது. யாரோ ஒரு ஜப்பானியச் சிப்பாய் சோறு ஆக்கிய அலுமினியப் பாத்திரம். மூடியில் கூரான எதனாலோ கீறிய எழுத்துகள். என் மகள் பள்ளியில் ஜப்பானிய மொழி படிக்கிறாள். பெயரை வாசித்து, குடும்பத்தைக் கண்டுபிடித்து அனுப்பிவிடச் சொன்னார். தன் பிள்ளைகளிடம் விட்டுப் போனால் விற்றுவிடுவார்களாம்.

எனக்கு அது வீட்டுக்குள் வந்ததே பிடிக்கவில்லை. சண்டையோடு வன்னியை விட்டு இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலமாகியும் ஆமிச் சாமான் எதைக் கண்டாலும் விலகித்தான் நடக்கிறேன். மகளுக்குப் பரீட்சை வேறு நெருங்குகிறது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை முடித்துக் களைத்து வந்தபோது அது குசினி மேசையில் இருந்தது. வெளியிலிருந்து வந்த பாத்திரத்தைக் கழுவாமல் வைத்துப் பழக்கமில்லை. கை தானாகத் தேசிக்காய்ப் பாதியை எடுத்துச் சாறு பிழிந்து தேய்க்கத் தொடங்கியது.

“ஓ மை கோட், அம்மா! கழுவிட்டீங்களா?”

“பின்னே? கரியோட குசினிக்குள்ள வைக்கிறதே?”

“இது ஆர்டிஃபாக்ட் அம்மா. உங்கட புட்டுப் பானை இல்ல.”

பறித்து எடுத்தவள் விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தாள். அடியில், கரி கழன்ற இடத்தில், இன்னொரு பெயர் இருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு.

“அப்ப இவர்தான் ஃபர்ஸ்ட் ஓனர். மூடியில இருக்கிறவர் பிறகு எடுத்தவர். ஏன் அம்மா பேரை வெட்டினவை?”

வன்னிச் சண்டையின் கடைசி மாதங்களில் ஷெல்லுக்கு ஒளிந்து பங்கருக்குப் பங்கர் மாறித் திரிந்தபோது எங்களிடம் வந்து சேர்ந்த சட்டியிலும் ஒரு பெயர் பொறித்திருந்தது. யாரோ ஒருத்தியின் சீதனச் சட்டி. அதில்தான் கஞ்சி காய்ச்சினோம். அந்தப் பெயரை நாங்கள் அழிக்கவில்லை. அவள் வந்து கேட்கக்கூடும் என்றிருந்தோம். இனிமேல் வரமாட்டான் என்று கண்ணால் கண்டவன்தான் ஒருவனின் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டிருப்பான்.

“மாத்திக் கீத்தி எடுத்திருப்பினம்,” என்றேன்.

மறுநாள் கிழவரிடம் சொன்னோம். படியில் உட்கார்ந்து, முதல் ஆளின் வீட்டுக்கே போகட்டும் என்றார். ஜப்பானில் இப்படிக் குடும்பங்களைத் தேடித் தரும் தொண்டுக் குழு ஒன்றை மகள் பிடித்தாள். பெயர் உள்ள இடங்களையெல்லாம் படம் எடுத்து அனுப்பும்படி அவர்கள் கேட்டார்கள்.

“பேரை மட்டும் எழுதி அனுப்பு. அந்தக் கோடு தெரிய வேண்டாம்.”

“எழுத்தைப் பாத்தாத்தானே அம்மா அவை தேடலாம். பாத்திரம் போய்ச் சேந்தா எப்படியும் காணுவினம்.”

“அப்ப காணட்டும். இப்பவே ஏன்? அவர் வருவார் எண்டு அங்க ஆரும் பாத்துக்கொண்டிருந்தா?”

அவள் ஃபோனை இறக்கி என்னைப் பார்த்தாள். மாற்றி எடுத்திருப்பார்கள் என்று அன்று நான் சொன்ன பொய்யை அவள் ஒரு நிமிடம்கூட நம்பியிருக்கவில்லை.

“அம்மா, அந்தாள் சண்டையிலயிருந்து வீட்டை திரும்பி வரேல்ல. அது அவைக்கு அப்பவே தெரியும்தானே.”

அவள் படம் எடுக்க, கோடு தெரியும்படி பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

“நிழல் விழுது அம்மா. மேசையில வையுங்கோ.”

வைத்தேன்.